பேர் உள்ளவரை காம்பரா

*சப்ரகமுவத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும், அந்தக் கூரைக்கு உரிமை இல்லாத மக்கள்*

மழை மூன்றாம் நாளும் விடாவிட்டால், யட்டியாந்தோட்டைக்கும் புளத்கொஹுபிட்டியவுக்கும் இடைப்பட்ட தோட்டங்களில் யாரும் சொல்லாமலே ஒரு வேலை தொடங்கும். சுவர் ஆணியில் தொங்கும் பையைப் பெண்கள் இறக்குவார்கள். அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், பிள்ளைகளின் கிளினிக் அட்டை, வங்கிப் புத்தகம், சேமலாப நிதிக் கடிதங்கள் எல்லாம் இரண்டு பொலித்தீன் உறை சுற்றிய நிலையில் அதற்குள் இருக்கும். கிழவர்களைக் கைத்தாங்கலாகப் பிடித்து, பிள்ளைகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, தோட்டத்து வரிசை வீடுகளான மேட்டு லயங்களின் சனம் பாடசாலைக்கோ கோயிலுக்கோ இறங்கும். நாய்கள் பின்னாலேயே வரும். ஆடும் கோழியும்தான் மேலே நின்றுவிடும்.

அதே பாடசாலை மண்டபத்தில் பக்கத்து நாட்டிலிருந்து வந்த குடும்பங்களும் பாய் விரித்திருக்கும். தோட்டத்துப் பேச்சில் 'நாடு' என்றால் சிங்களக் கிராமம். அவர்கள் மடியிலும் அப்படியொரு பை உண்டு. அதற்குள்ளும் இதே காகிதங்கள்தாம், கூடவே ஒன்று: காணி உறுதி.

வீடற்றவர் என்றதும் கொழும்பு கோட்டை ரயில் நிலையத்தின் ஓரத்தில் படுத்திருப்பவரைத்தான் நமக்கு நினைவு வரும். தோட்டத்துக்காரரை யாரும் அப்படி நினைப்பதில்லை. அவருக்குத்தான் கூரை இருக்கிறதே, சுவர் இருக்கிறதே, அடுப்பு எரிகிறதே! ஆனால் அந்தக் கூரை, தோட்டத்து ஆள் பதிவேடான செக்ரோலில் பேர் இருக்கும் வரைக்கும்தான். பேர் வெட்டப்படும் நாளில் கூரையும் கேள்விக்குள்ளாகிறது. தெருவுக்கு வராமலே வீடற்றவராக இருக்க முடியும் என்பதை அறிய சப்ரகமுவத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்களுக்கு வரவேண்டும்.

மலையகம் என்றால் பலருக்கு நுவரெலியாவும் அட்டனும்தான். கெமரா அங்கேதான் போகும், தலைவர்களும் அங்கேதான் போவார்கள். தெரணியகலை, தெஹியோவிட்ட, எஹலியகொடை, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடைப் பக்கத் தோட்டங்கள் கிராமங்களுக்கு நடுவே தீவு தீவாகச் சிதறிக் கிடக்கின்றன. பாதி தேயிலை, பாதி இறப்பர். ஒரு டிவிஷனுக்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டு கிராமங்கள் இருக்கும். வாக்காகத் திரள முடியாத இந்தச் சிதறல்தான் இங்குள்ளவர்களின் வீட்டுக் கதையைப் பாதி எழுதியது என்பது என் எண்ணம்.

பருவத்துக்குக் கட்டிய கொட்டகை

லயம் ஏன் இவ்வளவு சிறியது? காரணம் கோப்பி. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் பருவத்துக்கு வந்து, பழம் பறித்து, ஊர் திரும்பியவர்கள். சில மாதம் தலை சாய்க்க ஒரு கொட்டகை போதும் என்றுதான் தோட்டத் துரைமார் கணக்குப் போட்டார்கள். 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி சரிந்து தேயிலை எழுந்தது. தேயிலைக்குப் பருவம் கிடையாது, வருடம் முழுக்கக் கொழுந்து வரும். அதனால் ஆள் குடும்பத்தோடு தங்க வேண்டியதாயிற்று. பின்னால் வந்த இறப்பரும் அப்படித்தான். விடியுமுன்னே பால் வெட்டப் போகிறவன் தோட்டத்துக்குள்ளேயே படுத்திருக்க வேண்டும்.

பயிர் மாறியது, வாழ்வு மாறியது, கொட்டகையின் அளவு மட்டும் மாறவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு. இப்படி வரிசையாகப் பத்து, பன்னிரண்டு. முதுகோடு முதுகாக இன்னொரு வரிசை ஒட்டினால் அது இரட்டை லயம்; பின்வாசல் கிடையாது, காற்றும் கிடையாது. ஒரே கூரை என்பதால் ஒரு காம்பராவில் மின்கசிவு ஏற்பட்டால் லயமே எரிகிறது. வருடத்துக்கு இரண்டு மூன்று முறையாவது அப்படியொரு செய்தியை வாசிக்கிறோம். எரிந்தவை எத்தனை 'வீடுகள்' என்று பத்திரிகை எண்ணி எழுதுகிறது. அவற்றுக்குச் சொந்தக்காரர் யார் என்று எழுதுவதில்லை.

> பெட்டிச் செய்தி: அளவுகள்
>
> ஒரு பேர்ச் என்பது 272¼ சதுர அடி. 160 பேர்ச்சஸ் ஓர் ஏக்கர்.
>
> பத்துக்குப் பன்னிரண்டு காம்பரா: 120 சதுர அடி. அரைப் பேர்ச்சுக்கும் குறைவு.
>
> 2015க்குப் பின் வந்த தனிவீட்டுத் திட்டங்களின் அளவு 7 பேர்ச்சஸ்: ஏறத்தாழ 1,905 சதுர அடி.
>
> பிறகு பேசப்பட்ட 10 பேர்ச்சஸ்: ஏறத்தாழ 2,722 சதுர அடி.

நேவ்ஸ்மியர்: குடியிருந்ததே குற்றமான கதை

குடியிருக்கும் உரிமைக்கான முதல் பெரிய போராட்டங்களில் ஒன்று நடந்தது கேகாலை மாவட்டத்தில். எங்கள் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் அதற்கு ஒரு பக்கமாவது கொடுத்திருக்க வேண்டும்.

1946இல் நேவ்ஸ்மியர் தோட்டத்தை அரசு கையகப்படுத்தியது. காணியில்லாக் கிராமத்தவருக்குப் பிரித்துக் கொடுப்பது நோக்கம். டி. எஸ். சேனநாயக்க விவசாய, காணி அமைச்சராக இருந்த காலம் அது. தோட்டம் கைமாறியதும் அங்கே வேலை செய்துவந்தவர்களுக்கு வேலையும் முடிந்தது, காம்பராவைக் காலி செய்யும்படி அறிவித்தலும் வந்தது. அவர்கள் போகவில்லை. போக இடமும் இல்லை. இலங்கை இந்தியன் காங்கிரஸின் தொழிற்சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்க, அவர்களுக்காக மற்றத் தோட்டங்களும் நின்றன. காலி செய்யாதவர்கள்மேல் 'குற்றவியல் அத்துமீறல்' வழக்குப் பாய்ந்தது. தாங்கள் வருடக்கணக்காகப் படுத்தெழும்பிய காம்பராவுக்குள் அத்துமீறி இருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு.

அவற்றுள் ஒன்று இலண்டன் கோமறைக் கழகம் வரை போனது. சின்னசாமி செல்வநாயகம் எதிர் மன்னர் என்ற அந்த வழக்கில் 1950இல் தீர்ப்பு வந்தது. தனக்கு உரிமை உண்டென்று உண்மையாக நம்பி ஒருவர் தங்கியிருந்தால், அந்த உரிமை சட்டத்தில் நிற்காவிட்டாலும், சொந்தக்காரருக்குத் தொல்லை தருவதே அவருடைய முதன்மை நோக்கம் என்று நிரூபிக்கப்படாதவரை அது குற்றமாகாது என்று கோமறைக் கழகம் முடிவு செய்தது. தொழிலாளி குற்றவாளி இல்லை என்றானது. குற்றவியல் அத்துமீறல் பற்றிப் பேசும் சட்டப் புத்தகங்கள் இன்றும் இந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டுகின்றன. தோட்டத் தொழிலாளி ஒருவருடைய காம்பரா சட்டத்துக்கு ஒரு விதியைத் தந்தது. காம்பரா மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. குற்றமில்லை என்பது உரிமை உண்டு என்பதாகாது.

இந்தக் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு, அதை மறைத்தால் நியாயமாகாது. நேவ்ஸ்மியரைக் கேட்டு நின்ற சிங்களக் கிராமத்தவரும் காணி இழந்தவர்கள்தாம். 1840இன் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் சேனை நிலத்தையும் அரசுடைமை ஆக்கியது; அதுவே பிறகு துரைமார் கைக்குப் போனது. ஆகவே உறுதி இல்லாதவன் காணி இழப்பான் என்ற பாடத்தை இந்த மலைச் சரிவுகளில் முதலில் படித்தவர்கள் கிராமத்தவர்கள். நூறு வருடம் கழித்து அதே பாடம் தோட்டத்துக்காரருக்கு வந்தது. காணி பறித்தவர்கள் ஒதுங்கிக்கொள்ள, காணியில்லாத இரண்டு கூட்டத்தை நேருக்கு நேர் நிறுத்தினார்கள். அந்தக் கசப்பு பின்னால் இரத்தமாகவும் வழிந்தது.

> பெட்டிச் செய்தி: பிரஜையாக ஐம்பத்தைந்து வருடம்
>
> 1948: 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர் ஆயினர்.
>
> 1949: பாராளுமன்றத் தேர்தலில் வாக்கும் போனது.
>
> 1964: சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள்.
>
> 2003: எஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம்.

ஓடியவர்கள்

சாஸ்திரி ஒப்பந்தத்தில் போனவர்களைத் தலைமன்னார் வரை கொண்டுபோன ரயிலுக்கு எங்கள் சனம் வைத்த பேர் ஒப்பாரிக் கோச்சி. அவர்கள் விட்டுப்போன காம்பராவில் அடுத்த வாரமே வேறு பேர் பதிந்தது.

போகாதவர்களை வன்முறை ஓடவைத்தது. 1977 ஆகஸ்டில் ஒருமுறை, 1981 ஆகஸ்டில் மறுமுறை. 1981இன் தீ சப்ரகமுவத்தைத்தான் தேடி வந்தது போலிருந்தது: இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடைப் பக்கத் தோட்டங்களில் லயங்கள் சூறையாடப்பட்டன. காட்டுக்குள்ளும் இறப்பர் மலைக்குள்ளும் இரவைக் கழித்தவர்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்ச் சேர்ந்தார்கள். காந்தியம் அமைப்பு அவர்களில் பலரை வவுனியாப் பண்ணைகளில் குடியமர்த்தியது. அதை நடத்திய மருத்துவர் இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். கென்ட், டொலர் பண்ணைகளில் குடியேறியிருந்த மலையகத்தாரை 1984இல் அங்கிருந்தும் விரட்டினார்கள். ஒரே ஆயுளில் மூன்று முறை வீடிழந்தவர்கள் இன்றும் வன்னியில் இருக்கிறார்கள்.

சம்பளத்தில் கழித்த வீடு

எதுவும் செய்யப்படவில்லை என்று சொல்ல மாட்டேன். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் முகாமை பிராந்தியக் கம்பனிகளுக்குப் போனது. வீட்டுக்கும் நலனுக்குமென அரசு, கம்பனி, தொழிற்சங்கம் மூன்றும் சேர்ந்த ஒரு நிதியம் உருவானது. தோட்டத்தில் அதை 'ட்ரஸ்ட்' என்பார்கள். ட்ரஸ்ட் வீடுகள் எழுந்தன. கடன் தந்தார்கள், மாதாமாதம் சம்பளத்தில் கழித்தார்கள், மக்கள் தாங்களே கல் சுமந்து கட்டினார்கள். கடன் முடிந்தது, பலருக்கு உறுதி வரவில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளுக்குப் பற்றுச்சீட்டுக் கிடையாது என்றால் நகரத்தில் யாராவது பொறுப்பார்களா?

பிறகு இந்திய உதவி வந்தது. முதலில் 4,000 வீடுகள். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அந்தத் திட்டத்தில் இரத்தினபுரியும் கேகாலையும் உண்டு. ஆனால் அடிக்கல் விழ 2024 பெப்ரவரி ஆனது. 2016இல் வந்த அரசின் செயல்திட்டமே ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் வேண்டும் என்று கணக்கிட்டிருந்தது. இந்த வேகத்தில் போனால் இன்று தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்குப் பேரப்பிள்ளை பிறந்த பிறகும் லயம் இருக்கும்.

2018இல் இரண்டு நல்ல காரியங்கள் நடந்தன. மலையகத்துக்கெனப் புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் வந்தது. தோட்டத்துக்குள் பிரதேச சபை காசு செலவழிக்கத் தடையாக இருந்த 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு திருத்தப்பட்டது. அதுவரை, வாக்குக் கேட்க லயத்து வாசல் வரை வந்த சபை உறுப்பினரால் அந்த வாசலுக்கு ஒரு பாதை போட்டுத்தர முடியாதிருந்தது. முப்பது வருடம் அப்படியே போயிற்று.

சாவி செக்ரோலில்

சட்டங்களை விட்டு அன்றாடத்துக்கு வருவோம், வலி அங்கேதான் இருக்கிறது.

தாய் கொழுந்தெடுக்கிறாள். மகன் அவிசாவளையில் கடையில் நிற்கிறான், மகள் ஆடைத் தொழிற்சாலையில். தாய்க்கு இடுப்பு விட்டுப்போனாலும் பேரை வெட்டமாட்டாள். அவள் பேர்தான் அந்தக் காம்பராவின் சாவி. அவிசாவளையிலிருந்து மகன் திரும்பி வந்து தங்குவதும் அந்தப் பேரின் நிழலில்தான். அவனுக்குக் கல்யாணமானால் இஸ்தோப்பை மறைத்து ஒரு தடுப்பு. அதற்கும் அனுமதி கேட்க வேண்டும். இரண்டு தகரத்தைக் கூடுதலாகப் போட்டால் என்ன நடக்கும் என்பதை 2023 ஆகஸ்டில் மாத்தளை ரத்வத்தைத் தோட்டத்தில் நாடே பார்த்தது. ஒரு குடும்பத்தின் தற்காலிகக் குடிலைத் தோட்ட அதிகாரி உடைக்கும் காணொளி அது.

என் தாத்தா தெஹியோவிட்டப் பக்கத்துத் தோட்டமொன்றில் பால் வெட்டியவர். ஓய்வுபெற்றபோது அவருடைய சேவைக்காலப் பணம் காம்பராவைக் காலி செய்யும் வரை கைக்கு வரவில்லை. அப்பாயி தினமும் ஒபீசுக்கு நடந்தார். பணம் வாங்கினால் கூரை போகும், கூரையில் இருந்தால் பணம் வராது. கடைசியில் என் சித்தப்பா படிப்பை விட்டுவிட்டுச் செக்ரோலில் பேர் பதிந்தார். குடும்பம் காம்பராவில் நின்றது. சித்தப்பாவுக்குக் கணக்கு நன்றாக வரும். அவர் அதன்பிறகு கணக்குப் பார்த்ததெல்லாம் சிரட்டைப் பாலைத்தான்.

இப்படிப் பள்ளியிலிருந்து தோட்டத்துக்குத் திரும்பிய பிள்ளைகளை எந்தக் கணக்கெடுப்பிலும் காணமுடியாது. படிப்பில் மலையகம் பின்தங்கியதற்கு ஆயிரம் காரணம் சொல்கிறார்கள். காம்பராவைக் காப்பாற்றப் பிள்ளையை அடகு வைத்ததும் அவற்றில் ஒன்று.

கடிதமும் அப்படித்தான். லயத்துக்கு இலக்கமுள்ள தெரு கிடையாது. பல தோட்டங்களில் தபால் ஒபீசில் குவிந்து, யாரோ ஒருவர் கையில் வந்து சேரும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி கடந்து கிடைத்த கதை எந்த லயத்திலும் ஒன்று இருக்கும். வங்கிக்குப் போனால் ஈடு கேட்பார்கள். ஈடு வைக்க மண் இல்லாதவர் தங்கத்தை வைப்பார், தங்கம் தீர்ந்தால் வட்டிக்காரரிடம் போவார்.

செக்ரோலே சுருங்கிக்கொண்டு வருகிறது. இறப்பர் மலைகள் பல, எண்ணெய்ப் பனையான முள்தேங்காய்க்கு மாறின. 2021 ஏப்ரலில் அரசு அதைத் தடைசெய்யுமுன் கேகாலை மாவட்டத்தில் ஊற்று வற்றுகிறது என்று கிராமத்தவர் போராடினார்கள். தோட்டத்தாருக்கு அதில் இன்னொரு அச்சமும் இருந்தது: முள்தேங்காய்க்கு ஆள் குறைவாகப் போதும். ஆள் குறைந்தால் பேர் குறையும். பேர் குறைந்தால் காம்பரா?

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கேள்விதான். திருநெல்வேலி மாஞ்சோலையில் தேயிலைக் கம்பனியின் 99 ஆண்டுக் குத்தகை 2028இல் முடிகிறது. 2024இல் தொழிலாளருக்கு விருப்ப ஓய்வு கொடுத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். நான்கு தலைமுறை வாழ்ந்தவர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். இங்கே கம்பனிகளின் 53 ஆண்டுக் குத்தகை 2045இல் முடிகிறது. மாஞ்சோலையைப் பார்த்துவிட்டு 2045ஐ நினைத்தால் நெஞ்சு பதைக்கிறது.

மண் சரியும்போது

2016 மே 17. அரநாயக்க சாமசர மலை இடிந்து கிராமங்கள் புதைந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போனார்கள். அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மண் சரிந்து பலர் புதைந்தார்கள். அடுத்த மே மாதம் இரத்தினபுரியில் வெள்ளமும் சரிவும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல்: நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள், கேகாலையும் தப்பவில்லை.

மண் சாதி மதம் பார்த்துச் சரிவதில்லை. நிவாரணம்தான் உறுதி பார்க்கிறது. டித்வாவுக்குப் பின் முற்றாக இடிந்த வீட்டுக்கு 50 இலட்சம் ரூபாய் வரை என்று அரசு அறிவித்ததும் தோட்டங்களில் எழுந்த முதல் கேள்வி: லயம் யாருடைய வீடு? குடியிருந்தவருடையதா, கம்பனியுடையதா, அரசுடையதா? கிராமத்தவருக்குத் தன் காணி ஆபத்தென்றால் மாற்றுக் காணி கேட்க ஒரு பிடி உண்டு. லயத்துக்காரர் எதைக் காட்டி எதற்கு மாற்றுக் கேட்பார்? வடக்கில் காணி தர ஆயத்தம் என்று அங்கிருந்து குரல்கள் எழுந்தன. அன்பான குரல்கள்தாம், நன்றி சொல்ல வேண்டும். ஆனால் 1977இல் வவுனியாவுக்கு ஓடியவர்களின் பிள்ளைகள் அதைக் கேட்டபோது என்ன நினைத்திருப்பார்கள் என்று நான் யோசித்தேன்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆபத்தென்று குறித்த பல சரிவுகளில் லயங்கள் நிற்கின்றன. எச்சரிக்கை வரும், சனம் இறங்கும். எச்சரிக்கை நீங்கும், சனம் ஏறும்.

காணி யாருடையது?

விடை எளிது என்பதால்தான் கோபம் வருகிறது. இந்தக் காணியில் பெரும்பகுதி அரசுடையது, கம்பனி குத்தகைக்காரர். குடியிருப்புக்கு வேண்டிய துண்டைக் குத்தகையிலிருந்து விடுவிக்க அரசு கையெழுத்துப் போட்டால் போதும். 7 பேர்ச்சஸ் என்று வைத்தால் ஓர் ஏக்கரில் இருபது குடும்பத்துக்கு மேல் அடங்கும். பாதைக்கு விட்டாலும் பதினைந்துக்குக் குறையாது. மலையில் புல் மண்டிக் கிடக்கும் ஏக்கர்களை எண்ணிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், குறை நிலத்தில் இல்லை.

2025 அக்டோபரில் பண்டாரவளையில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க இரண்டாயிரம் குடும்பங்களுக்கு வீட்டுரிமை ஆவணங்களை வழங்கினார். நல்ல தொடக்கம் என்றே நான் நம்புகிறேன். ஆனால் மேடையில் கொடுக்கும் பத்திரம் ஒன்று, நில அளவையாளர் எல்லைக்கல் நட்டு, காணிப் பதிவகத்தில் ஏறி, வங்கி ஏற்றுக்கொள்ளும் உறுதி இன்னொன்று. கேகாலைக்கும் இரத்தினபுரிக்கும் இரண்டாவதுதான் வேண்டும். மனைவி பேரும் அதில் இருக்க வேண்டும்; அந்தக் காம்பராவைத் தன் பேரால் காத்தவள் பெரும்பாலும் அவள்தான். ஓய்வுபெற்றவருக்கும், தோட்டத்தில் வேலை செய்யாத பிள்ளைக்கும் அது கிடைக்க வேண்டும். வேலைக்கும் வீட்டுக்கும் போட்ட முடிச்சை அவிழ்க்காத எந்தத் திட்டமும் புதிய கூரை போட்ட பழைய லயமே.

தாத்தா லயத்துக்குப் பின்னால் ஒரு பலா வைத்திருந்தார். சித்தப்பாவும் ஓய்வுபெற்று, காம்பரா வேறு பேருக்குப் போய்விட்டது. போன ஆனியில் நானும் அவரும் அந்த வழியே நடந்தோம். மரம் நிறையக் காய். கீழே ஒரு பொடியன் தொரட்டியோடு நின்றான். எங்களைப் பார்த்ததும், மரத்துக்காரர் வந்துவிட்டார் என்று நினைத்தானோ என்னவோ, தொரட்டியைத் தாழ்த்தினான். சித்தப்பா கையை உயர்த்தி, பறி, பறி என்று சைகை செய்துவிட்டு நடையைக் கட்டினார். பீலி தாண்டும் வரை அவர் என்னோடு பேசவில்லை.